டி39.1: கேன்சரும் இல்லை, சாதாரணக் கட்டியும் இல்லை

இந்த எபிசோடை மூன்று தடவை ரெக்கார்ட் பண்ணினேன். முதல் இரண்டு தடவை பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டியபோது, "வேணாம் கண்ணு, ஊரு சிரிக்கும்" என்றார். மூன்றாவது தடவை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, போடு. எம் பேரு மட்டும் வேணாம்" என்றார். அதனால் இதில் அவர் வெறும் பெரியம்மா.

வழக்கமாக இங்கே கோட்டை, அணை, ரயில் பாதை என்று பேசுவோம். இன்றைக்கு ஒரு வார்த்தையின் வரலாறு. பார்டர்லைன். கிட்டத்தட்ட நூறு வருஷமாக டாக்டர்கள் இந்த வார்த்தையோடு சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி வரைக்கும் வந்தது, அதனால்தான் எனக்கு இது தெரியும்.

எங்கள் ஊர் நாட்றாம்பாளையம். ஓசூர் என்றதும் உங்களுக்கு ஃபேக்டரி, சிப்காட், ஷிஃப்ட் பஸ் ஞாபகம் வரும். எங்களுக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டம்தான், ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எல்லாம் தாண்டி வந்தால் காடு, ராகி, யானை. பக்கத்திலேயே கர்நாடகா. காய்ச்சல் என்றால் அஞ்செட்டி, கொஞ்சம் பெரிசு என்றால் ஓசூர் அல்லது தர்மபுரி, பயந்துவிட்டால் பெங்களூரு. இதுதான் எங்கள் ஊர் மருத்துவ ரூட் மேப்.

2007-ல் பெரியம்மாவுக்கு 36 வயது. வயிறு உப்பிக்கொண்டே போனது. "விசேஷமா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய்க் கடைசியில் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு கறவை மாடு விற்றுத்தான் ஆபரேஷன். எனக்கு அப்போது பத்து, பதினோரு வயது. பெரியப்பா வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்ன வாக்கியம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கேன்சர் இல்லையாம். கர்ப்பப்பையை எடுத்தாச்சு, அவ்ளோதான்."

அவ்வளவுதான். 17 வருஷம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2024-ல் மறுபடி வயிறு உப்பியது. மூன்று மாதம் கேஸ் மாத்திரை. அப்புறம் ஸ்கேன். வயிற்றில் நீர். அந்த நீரை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்ச் செல்கள். அடுத்த வாரமே கீமோ ஆரம்பிக்கலாம் என்றார்கள். ஆரம்பிக்கும் முன் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடலாம் என்று போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பெரியம்மா வயிற்றில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தார். "முன்னாடி என்ன ஆபரேஷன்?"

"கர்ப்பப்பை எடுத்தாச்சு மேடம்" என்றேன், ரொம்ப உறுதியாக.

அவர் ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். கர்ப்பப்பை அங்கேயேதான் இருந்தது. ஒரு பக்கத்துச் சினைப்பைதான் இல்லை.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறமும் மாசாமாசம் வந்துச்சே. நீங்க யாரும் கேக்கல."

எங்கள் ஊரில் பெண்கள் வயிற்றில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், கர்ப்பப்பைக் கட்டி. சினைப்பை என்று தனியாக ஒன்று இருப்பதே நிறையப் பேர் பேச்சில் வராது. நான் இன்ஜினியரிங் படித்தவன், சர்வர் லாகில் ஒரு வரி தப்பினாலும் கண்டுபிடிப்பேன். வீட்டில் 17 வருஷமாக ஓடிக்கொண்டிருந்த தப்பான டேட்டா எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அடுத்துக் கேட்டது: "பழைய பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கா? ஸ்லைடு, பிளாக் ஏதாவது?"

பிளாக் என்றால் மெழுகுக் கட்டி. அறுவையில் எடுத்த சதையிலிருந்து சிறு துண்டுகளை மெழுகில் பதித்து வைப்பார்கள். அதைச் சீவித்தான் கண்ணாடி ஸ்லைடு செய்கிறார்கள். ஒழுங்காக வைத்திருந்தால் பல பத்து வருஷம் கழித்தும் மறுபடி சீவிப் பார்க்கலாம். அந்த பிளாக் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். ரிப்போர்ட் மட்டும் கிடைத்தது. ரேஷன் கார்டு, பட்டா நகல், மாட்டுக் கடன் பாஸ்புக் எல்லாம் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரில், மடிப்பில் கிழிந்துபோன ஒரே ஒரு தாள். ஆங்கிலத்தில் டைப் அடித்தது. நடுவில் ஒரு வரி: சீரஸ் பார்டர்லைன் டியூமர், இடது சினைப்பை. அடியில் பேனாவால் எழுதியது: தொடர் கண்காணிப்பு தேவை.

அதாவது 2007-ல் யாரும் பொய் சொல்லவில்லை. கேன்சர் இல்லை என்றது உண்மை. ஆனால் அது முழு வாக்கியத்தின் முதல் பாதி.

சரி, அந்த வார்த்தைக்கு வருவோம்.

சிசேரியன் ஆன அம்மாக்களுக்கு அடிவயிற்றில் படுக்கைவாட்டில் ஒரு தழும்பு இருக்குமே, அந்த வெட்டுக்கு ஃபானன்ஸ்டீல் வெட்டு என்று பெயர். அதை 1900-ல் எழுதி வைத்த ஜெர்மன் மருத்துவர் யோகன்னஸ் ஃபானன்ஸ்டீல். அதே ஆள் 1898-லேயே சினைப்பைக் கட்டிகளில் சில, நல்ல கட்டிக்கும் கெட்ட கட்டிக்கும் எல்லையில் நிற்பது போல நடந்துகொள்கின்றன என்று குறித்திருக்கிறார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த பெரிய ஆள் ஹோவர்ட் டெய்லர் ஜூனியர், அமெரிக்கர். 1929-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவரைக் குழப்பியது இதுதான். சில பெண்களுக்குச் சினைப்பையில் கட்டி, அதோடு வயிற்றின் உள் உறையிலும் சின்னச் சின்னதாகப் பரவியிருக்கிறது. அன்றைய கணக்குப்படி அது முற்றிய புற்றுநோய், சீக்கிரம் இறந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் வருஷக்கணக்கில் நன்றாக இருந்தார்கள். டெய்லர் அந்தக் கட்டிகளுக்கு ஒரு பெயர் வைத்தார்: செமி மாலிக்னன்ட். பாதிப் புற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ராஸ்கோப்பில் இது எப்படி இருக்கும் என்று அந்த டாக்டர் எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். சாதாரண நீர்க்கட்டியின் உள்சுவரில் செல்கள் ஒரே வரிசையில் அடக்கமாக நிற்கும். புற்றுநோயில் செல்கள் தாறுமாறாகப் பெருகி, அடியில் இருக்கும் திசுவைத் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். பார்டர்லைனில் முதல் பாதி நடக்கிறது, இரண்டாவது பாதி நடப்பதில்லை. செல்கள் பெருகுகின்றன, கிளை கிளையாகச் செடி மாதிரி வளர்கின்றன, உருவமும் கொஞ்சம் கோணல். ஆனால் தோண்டுவதில்லை. எங்கள் பக்கம் மாநில எல்லையில் செக்போஸ்ட் இருக்கும், தெரியுமில்லையா? லாரி லோடோடு வந்து நிற்கிறது, ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. அந்த மாதிரி.

சினைப்பையின் மேற்பரப்புச் செல் வகைக் கட்டிகளில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை இந்த ரகம். மற்ற சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும், இது இளம் வயதிலேயே வரும். மூன்றில் ஒருவர் 40 வயதுக்குக் கீழே. இந்த ஷோ கேட்கும் வயசுக்காரர்கள்தான்.

டெய்லருக்குப் பிறகு முப்பது வருஷம் இந்த நடு ரகத்துக்கு அதிகாரபூர்வமான இடமே இல்லை. 1961-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய சர்வதேச மகப்பேறு, மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் குழு, இதற்குத் தனி வகை வேண்டும் என்று முன்வைத்தது. அது அதிகாரபூர்வமாக அமலுக்கு வர 1971 ஆனது. 1973-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டில் சேர்த்தது. அதில் கொடுத்த பெயர்தான் எனக்குப் பிடித்த பகுதி. எல்லைப் புற்றுத்தன்மை கொண்ட கட்டிகள் என்று எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் குறைந்த வீரியமுள்ள கார்சினோமாக்கள் என்றும் போட்டார்கள். கார்சினோமா என்றால் புற்றுநோய். அதாவது அடைப்புக்குறிக்கு வெளியே புற்றுநோய் இல்லை, உள்ளே புற்றுநோய். ஸ்பெக் டாக்குமென்ட்டில் இரண்டு டீம் சண்டை போட்டால், கடைசியில் இரண்டு பேர் சொன்னதையும் எழுதி வைப்போமே, அதே கதை. அந்த இரண்டாவது பெயரைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல 2014 ஆனது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உடம்பில் இருக்கிறது. புற்றுநோய் என்று எண்ணிய காலத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு, கீமோ எல்லாம் கொடுத்தார்கள். நார்வேயின் ரேடியம் மருத்துவமனையில் இந்த நோயாளிகளை வைத்து நான்கு சோதனை ஆய்வுகள் நடந்தன, மொத்தம் 253 பெண்கள். 1993-ல் அதைத் தொகுத்து வெளியிட்டபோது தலைப்பே ஒரு கேள்வியாக இருந்தது: இந்தக் கட்டிகளுக்கு நாம் அளவுக்கு மீறி வைத்தியம் பார்க்கிறோமா? பதில், ஆமாம். கூடுதல் சிகிச்சையால் யாருடைய ஆயுளும் கூடவில்லை, பக்கவிளைவுகள்தான் மிச்சம். இது ஒரு பக்கத்துத் தப்பு.

மறுபக்கத்துத் தப்பைப் புரிந்துகொள்ள ஒரு நம்பரைப் பார்க்க வேண்டும். இங்கே நான் கொஞ்சம் டெக் ஆள் மாதிரி பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகம் முழுக்க புற்றுநோய்ப் பதிவேடுகள் ஒரு குறியீட்டு முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு கட்டிக்கும் கடைசியில் ஒரு இலக்கம் உண்டு. 0 என்றால் சாதுவான கட்டி. 3 என்றால் புற்றுநோய். 2 என்றால் இன்னும் இடத்தை விட்டு நகராத ஆரம்பப் புற்று. 1 என்றால் இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது. 1976-ல் வந்த முதல் பதிப்பில் பார்டர்லைன் சினைப்பைக் கட்டி 1. 1990-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 3 ஆக்கினார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் மறுபடி 1.

அமெரிக்கப் பதிவேடுகளில் 2001-லிருந்து புது முறை வந்ததும் சினைப்பைப் புற்றுநோய் திடீரென்று குறைந்த மாதிரி தெரிந்தது. யாருக்கும் குணமாகவில்லை, ஒரு இலக்கம் மாறியது, அவ்வளவுதான். ஒரே கட்டி, ஒரே வயிறு, 1999-ல் எடுத்திருந்தால் புற்றுநோயாளி, 2003-ல் எடுத்தால் கணக்கிலேயே இல்லை. ஆஸ்பத்திரிகள் பயன்படுத்தும் இன்னொரு குறியீட்டுப் பட்டியலில் சினைப்பைப் புற்றுநோய்க்கு சி56, இந்த மாதிரி நிச்சயமில்லாத கட்டிக்கு டி39.1. எபிசோடின் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

1 என்று குறித்தது மருத்துவப்படி சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். தேவையில்லாமல் கீமோ வாங்குவதிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் தப்பித்தார்கள். ஆனால் நம் ஊர்ப் பதிவேடுகள் எண்ணுவது 3-ஐத்தான். 1982 ஜனவரி முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் சென்னை, பெங்களூரு, மும்பை மூன்று நகரங்களிலும் பதிவேடு ஓடுகிறது. பெங்களூரில் கித்வாய், சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 2012-லிருந்து தமிழ்நாடு முழுக்க விரிவாக்கினார்கள், எங்கள் மாவட்டமும் அதில் உண்டு. 3 வாங்கினால் உங்களை ஒருவர் எண்ணுகிறார். 1 வாங்கினால் இல்லை.

எண்ணுவது என்றால் சும்மா ஒரு எண்ணைக் கூட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். அடையாறு கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். குடலில் இருந்த புற்றுநோயை முதலில் வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கேஸ் மாத்திரை மூன்று மாதம் என்று முதலில் சொன்னேனே, நூறு வருஷத்துக்கு முன்னாடியும் இதே கதைதான். அந்த இழப்பிலிருந்து பல வருஷம் போராடி 1954-ல் அவர் தொடங்கியதுதான் அடையாறு மருத்துவமனை, 12 படுக்கைகளோடு. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்தவர் டாக்டர் வி. சாந்தா. மகப்பேறு, மகளிர் மருத்துவம் படித்தவர், அரசு மருத்துவமனை வேலை கையில் இருந்தும் வேண்டாம் என்று வந்தவர். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார்.

சென்னைப் பதிவேட்டு ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மேலை நாடுகளில் புற்றுநோய் வந்தால் தகவல் தானாகப் பதிவேட்டுக்குப் போகும். இங்கே அப்போது அப்படி இருக்கவில்லை. அதனால் ஆட்களே ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய் ஃபைலைப் புரட்டிக் குறித்துக்கொண்டு வந்தார்கள். மாநகராட்சி இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். சிகிச்சை முடிந்து போனவர்களுக்குப் பதில் அஞ்சலட்டை அனுப்பினார்கள். தபால் செலவு இல்லாமல் நீங்கள் திருப்பி எழுதிப் போட்டால் போதும், உயிரோடு இருக்கிறேன் என்று. பதில் வராவிட்டால் வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து நோட்டிஃபிகேஷன் சிஸ்டம் இது. ஆப் கட்டும் எங்கள் தலைமுறை இதைப் பார்த்துக் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம்.

ஒரு நோய் எத்தனை வருஷம் கழித்துத் திரும்பும் என்று உலகத்துக்குத் தெரிவது இந்த மாதிரி வேலையால்தான். யாராவது இருபது வருஷம் கழித்தும் கதவைத் தட்டிக் கேட்டால்தான் இருபதாவது வருஷத்தில் என்ன நடந்தது என்று தெரியும்.

இப்போது தாமதமாகத் திரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். 2000-ல் சைட்மன், கர்மன் என்ற இரண்டு அமெரிக்க நோயியல் நிபுணர்கள், அதுவரை வந்த 97 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து சீரஸ் பார்டர்லைன் கட்டி இருந்த 4,129 பெண்களின் கணக்கைப் போட்டார்கள். சினைப்பையைத் தாண்டாதவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே பிழைத்திருந்தார்கள். வயிற்று உறையில் விதை மாதிரி தெறித்திருந்தாலும், அந்த விதைகள் தோண்டாத ரகம் என்றால் 95.3 சதவீதம் பிழைத்திருந்தார்கள். தோண்டும் ரகம் என்றால் 66 சதவீதம். அருமையான வேலை, இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கடைசி இரண்டு எண்களும் 7.4 வருஷக் கண்காணிப்பில் வந்தவை. பெரியம்மா அந்த ஆய்வில் இருந்திருந்தால் ஏழாவது வருஷத்தில் அவர் நல்லா இருக்கார் என்ற பக்கத்தில்தான் இருந்திருப்பார். பத்தாவது வருஷத்திலும் அப்படித்தான். ராகி அறுத்துக்கொண்டு, எங்களுக்கெல்லாம் களி கிண்டிப் போட்டுக்கொண்டு.

நீளமாகப் பார்க்க முடிந்த இடம் டென்மார்க். 1978 முதல் 2002 வரை நாடு முழுக்க இந்த வகைக் கட்டி என்று எழுதப்பட்ட எல்லோரையும் தேடி, பழைய ஸ்லைடுகளை வெளியே எடுத்து, நிபுணர்கள் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்கள். உறுதியானவர்கள் 1,042 பெண்கள். பெரும்பாலானவர்களுக்கு அது திரும்பவே இல்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோயாக மாறியது நூற்றுக்கு ஒற்றை இலக்கத்தில்தான். ஆனால் அந்தச் சிலரில் பத்து வருஷம் தாண்டி வந்தவர்களும் இருந்தார்கள்.

டென்மார்க்கால் எப்படி முடிந்தது? 1968-லிருந்து அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரே எண். பிறப்பு, ஆஸ்பத்திரி, ஸ்லைடு, இறப்பு எல்லாம் அதே எண்ணில். டேட்டாபேஸ் படித்தவர்களுக்கு, ஒரே பிரைமரி கீ. பெரியம்மாவுக்கோ, பெங்களூர் தாளில் ஒரு ஸ்பெல்லிங், ரேஷன் கார்டில் வேறு, ஆதாரில் வேறு. ஒன்றில் அப்பா பெயர் இனிஷியல், இன்னொன்றில் பெரியப்பா பெயர். 2021-லிருந்து ஆபா என்று 14 இலக்க மருத்துவ எண் வந்திருக்கிறது. நல்லதுதான், எடுத்தும் கொடுத்தேன். ஆனால் அது 2007-க்குப் பின்னால் போகாது.

சரி, ஏன் இவ்வளவு தாமதம்? இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, வயிற்று உறையில் அப்போதே தெறித்த சில செல்கள் மிக மெதுவாக வளர்கின்றன. இந்த ரகக் கட்டிகளில் கேராஸ், பிராஃப் என்ற மரபணுக்களில் மாற்றம் அதிகம் இருப்பதையும், மெதுவாக வளரும் தாழ்நிலை சீரஸ் புற்றுநோயிலும் அதே மாற்றங்கள் இருப்பதையும் 2000-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அதாவது இரண்டும் ஒரே பாதையில் முன்னும் பின்னும் நிற்பவை. இரண்டாவது வழி, மிச்சம் வைத்த சினைப்பையில் புதிதாகவே ஒன்று முளைக்கிறது. பழையது திரும்பவில்லை, அதே நிலத்தில் இன்னொரு செடி. இளம் பெண்களுக்குக் குழந்தை வேண்டும், ஹார்மோன் வேண்டும் என்பதற்காக ஒரு சினைப்பையை விட்டுவைப்பது சரியான முடிவுதான். அப்படி விட்டால் கட்டி திரும்பும் வாய்ப்பு கூடுதல், ஆனால் பெரும்பாலும் மறுபடி பார்டர்லைனாகவே வரும், மறுபடி ஆபரேஷனில் எடுத்துவிடலாம். அந்த பேரத்தில் ஒரே நிபந்தனை, நடுவில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரியம்மா 2008-ல் இரண்டு தடவை போனார். பெங்களூருக்கு ஒரு தடவை போய் வர ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் காசு, ஸ்கேன் காசு. கேன்சர் இல்லாதபோது எதற்கு?

இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

இப்போது அந்தத் தாளின் கதைக்கு வருகிறேன். தாளைப் பார்த்ததும் டாக்டர் கீமோவை நிறுத்தி வைக்கச் சொன்னார். காரணம் இது. சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் வருவது உயர்நிலை சீரஸ், வேகமானது, கீமோவுக்கு நன்றாகக் கேட்கும். வயிற்றில் நீரோடு வந்தால் முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்பது வழக்கமான வழிகளில் ஒன்று. ஆனால் பழைய பார்டர்லைனிலிருந்து வருவது பெரும்பாலும் தாழ்நிலை சீரஸ். மெதுவானது, கீமோவுக்கு அவ்வளவாக மசியாது. அதற்கு முதல் ஆயுதம் கத்திதான். நீரில் இருந்த செல்களை வைத்து மட்டும் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அதனால் ஊசி வழியே சதைத் துண்டு எடுத்து பி53 என்ற சோதனை செய்தார்கள். உயர்நிலை என்றால் அந்த மரபணு ஏறக்குறைய எப்போதும் கெட்டுப்போயிருக்கும். பெரியம்மாவுக்கு நார்மல். தாழ்நிலை.

அதே மாதம் ஆபரேஷன். ஆறு மணி நேரம். மிச்சமிருந்த சினைப்பை, கர்ப்பப்பை, வயிற்று உறையில் பரவியவை எல்லாம் எடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து கர்ப்பப்பையை எடுத்தாச்சு என்று பெரியப்பா சொன்ன வாக்கியம் 17 வருஷம் கழித்து உண்மையானது. அதைச் சொல்லிப் பெரியம்மாவே சிரித்தார், தையல் இழுக்குது, சிரிக்க வைக்காதே என்று என்னைத் திட்டிக்கொண்டே. இப்போது தினமும் லெட்ரோசோல் என்ற மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைப்பது. இந்த ரகம் அந்த ஹார்மோனைச் சாப்பிட்டு வளர்வது என்பதால்.

அந்த மெழுகு பிளாக்கைத் தேடி நானும் பெங்களூர் போனேன். பழைய கட்டிடமே இல்லை, ஆஸ்பத்திரி கை மாறியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் தன்மையாகவே பேசினார். மூன்று வருஷத்துக்கு மேல் வைக்க மாட்டோம் சார் என்றார். சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன். வெளியே வந்து விதியைத் தேடிப் படித்தேன். 2002-ல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதி, உள்நோயாளிகளின் ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. மூன்று வருஷம். 2010-லேயே தூக்கிப் போட்டிருந்தாலும் யாரும் எந்த விதியையும் மீறவில்லை.

1809 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் எஃப்ரைம் மெக்டோவல் என்ற டாக்டர், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், ஜேன் டாட் க்ராஃபர்ட் என்ற பெண்ணின் வயிற்றிலிருந்து 22 பவுண்டுக்கு மேல் எடையுள்ள சினைப்பைக் கட்டியை எடுத்தார். அறுபது மைல் குதிரையில் வந்த பெண். அந்த அம்மா அதற்குப் பிறகு 32 வருஷம் வாழ்ந்து 1842-ல் இறந்தார் என்பது நமக்குத் தெரிகிறது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய கென்டக்கிப் பெண்ணின் 32 வருஷம் தெரிகிறது, 2007-ல் பெங்களூரில் ஆபரேஷன் ஆன என் பெரியம்மாவின் மூன்றாவது வருஷத்துக்கு மேல் ஒரு தாள் கிடையாது. வீட்டுத் தகரப்பெட்டியைத் தவிர.

உங்கள் வீட்டிலும் அம்மாவுக்கோ அத்தைக்கோ கட்டி எடுத்தாச்சு என்று ஒரு கதை இருக்கலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது சாதாரண நீர்க்கட்டிதான். ஆனால் கேளுங்கள். எந்தப் பக்கம், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், பயாப்ஸி தாளில் என்ன வார்த்தை. அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், நான் பட்ட அசிங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்டர் முன்னால் என் பெரியம்மாவின் உடம்பைப் பற்றி அவருக்கே தெரியாத மாதிரி நான் பதில் சொன்னேன்.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். எல்லா ரிப்போர்ட்டையும் ஸ்கேன் பண்ணி, மூன்று பேர் போனில், டிரைவில் எல்லாம் ஏற்றிவிட்டேன். இந்தத் தடவை பிளாக்கையும் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துக் கையோடு வாங்கி வந்துவிட்டோம். சின்ன டப்பாவில், சீப்பு சைஸுக்கு அடுக்கி. பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எங்க வெக்கறது?"

"வெயில் படாத எடமா, சூடு இல்லாம."

கொஞ்சம் யோசித்துவிட்டு ராகி குதிருக்குப் பின்னால் இருந்த தகரப்பெட்டியை இழுத்தார். பட்டாவுக்கு மேலே டப்பாவை வைத்து, அதற்கு மேல் அந்தப் பழைய கிழிந்த தாளை வைத்தார். அடுத்த ஸ்கேன் ஜனவரியில். தேதியைப் பெட்டி மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதச் சொன்னார், எழுதிவிட்டு வந்தேன்.